ஒழுகுகிற வண்டிக்கெல்லாம் இன்ஜின் வேலை வேண்டாம்

ஆவணிக் கடைசியில் ஆரம்பித்து ஐப்பசி பாதி வரைக்கும் கழுகுமலை வட்டாரத்து டிராக்டர் பட்டறைகளில் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்: "தம்பி, வண்டி ஆயில் ஒழுகுது. இன்ஜினை இறக்கிருவமா?"

கேட்பவர் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர். வண்டி இருபது, இருபத்தைந்து வருடப் பழசு. சொந்தப் புஞ்சை போக, ஊரில் நாலு பேருக்கு வாடகைக்கு உழுது கொடுத்து டீசல் காசை எடுப்பவர். உளுந்தும் பாசிப்பயறும் போட்டு வருகிற ஒரு வருட வெள்ளாமைப் பணம் மொத்தமாக இன்ஜின் வேலைக்குள் போய்விடும். ஆகவே இந்தக் கேள்விக்கு வண்டியைக் குனிந்துகூடப் பார்க்காமல் "இறக்கிருவோம் அண்ணாச்சி" என்று சொல்வது பாவம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரையில் கிடக்கிற ஆயிலைப் பார்த்து இன்ஜினை இறக்காதீர்கள். உள்ளே தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். சில வண்டிகளில் ஒழுக்கும் தேய்மானமும் சேர்ந்தே வரும், பல வண்டிகளில் வராது. பட்டறைக்குப் போகுமுன் வீட்டு வாசலில் வைத்தே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த மண்ணும் இந்த வண்டியும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை எல்லாம் கரிசல். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நல்ல மழை ஒன்று விழுந்தால் டயரைப் பிடித்துக்கொண்டு விடாது. மூன்று நாலு நாள் வண்டி இறங்க முடியாமல் காத்திருந்து, பதம் வந்த அன்று ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வண்டி தேடும். இது போக, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு வைக்கிற முன்பருவ விதைப்பும் இங்கே உண்டு. 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்காரர்களுக்குச் சொல்லி வருகிற முறைகளில் அதுவும் ஒன்று. மொத்தத்தில் வண்டிக்கு வருகிற வேலை வருடம் பூராவும் பரவிக் கிடப்பதில்லை. கோடை உழவுக்குச் சில வாரம், விதைப்புக்குச் சில வாரம். அந்த வாரங்களில் வண்டி பட்டறையில் பிரிந்து கிடந்தால், இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவை விட விட்டுப்போன வாடகையும் தவறிப்போன பதமும்தான் பெரிய நஷ்டம்.

இங்கே ஓடுகிற பழைய வண்டிகளில் மஹிந்திரா உண்டு, ஸ்வராஜ் உண்டு, ஐஷர் உண்டு. என் பட்டறைக்கு அதிகம் வருவது மேஸி 1035. சென்னை டாஃபே நிறுவனம் 1960-ல் தொடங்கி மேஸி ஃபெர்குசன் கூட்டில் டிராக்டர் செய்தது. அந்த வண்டிக்கு இன்ஜின் கொடுத்தது அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்சன். 1840-ல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகச் சென்னையில் தொடங்கிய சிம்சன், 1950-களில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து செம்பியத்தில் டீசல் இன்ஜின் செய்ய ஆரம்பித்தது. 1035-ல் இருக்கிற மூன்று சிலிண்டர் இன்ஜின் அந்தப் பரம்பரை. சம்பில் ஆறேழு லிட்டர் ஆயில் பிடிக்கும். எளிய இன்ஜின். உதிரி சாமான் கோவில்பட்டியிலேயே கிடைக்கும், வேலை தெரிந்த ஆளும் கிடைப்பார். அதனால் இதைச் சரி பண்ண முடியுமா என்ற கேள்வி இங்கே எழுவதே இல்லை. இப்போது பண்ண வேண்டுமா என்பதுதான் கேள்வி.

சொட்டுக் கணக்கு

ஆயில் ஒழுக்கு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். சிமெண்டுத் தரையில் விழுந்த ஒரு சொட்டு உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். அதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம்.

ஏறக்குறைய இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொண்டால் 720 சொட்டு, 36 மில்லி. வருடம் பூராவும் இப்படியே விழுந்தாலும் 13 லிட்டர். ஆயில் லிட்டர் 300 ரூபாய் என்று போட்டால் 4,000 ரூபாய்க்குள் அடங்கும். இன்ஜின் வேலைக்கு எழுபதாயிரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒழுக்கை நிறுத்துவதற்காக மட்டும் அதைச் செலவழித்தால் முதல் திரும்பப் பதினேழு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வண்டியே இருக்குமோ என்னவோ.

அப்படியென்றால் ஒழுக்கை விட்டுவிடலாமா? கூடாது. காரணம் ஆயில் விலை அல்ல, ஒழுக்கோடு வருகிற வேறு சேதம். காலையில் டிப்ஸ்டிக் பார்க்காமல் உழவுக்குப் போகிறவருடைய வண்டியில் ஒழுக்கு ஒருநாள் பேரிங்கைத் தின்றுவிடும். ஆயில் ஈரத்தில் கரிசல் புழுதி ஒட்டி இன்ஜின் மேலும் ரேடியேட்டர் கண்களிலும் அடையாகப் பிடித்தால் வண்டி சூடேறும். கிளட்ச் பக்கம் ஒழுகினால் பிளேட் நனைந்து வழுக்கும். ஒழுக்கைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் கவனிப்பது வேறு, இன்ஜினை இறக்குவது வேறு.

இன்னொன்றும் உண்டு. பார்த்தவுடன் நெஞ்சு பதறுகிற ஒழுக்குதான் பல நேரம் விலை குறைந்த வேலை. ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு கிடக்க, அதன் மேலேயே புதியதைப் பூட்டியிருப்பார்கள். இன்ஜின் ஓட ஓட அழுத்தத்தில் ஆயில் பீறிட்டு அடிக்கும். உடனே நிறுத்தாவிட்டால் சம்பு காலியாகி கிராங்க் பிடித்துக்கொள்ளும். உடனே நிறுத்தினால், ரப்பர் வளையமும் ஃபில்டரும் ஆயிலுமாகச் செலவு சில ஆயிரத்தோடு முடிந்தது.

முதலில் கழுவுங்கள்

ஆயில் எங்கிருந்து வருகிறது என்பதை அழுக்கு வண்டியில் யாராலும் சொல்ல முடியாது. எனக்கும் முடியாது. மேலிருந்து வழிகிற ஆயிலை ஃபேன் காற்று பின்னால் தள்ளும். அது இன்ஜின் ஓரமாகவே வழிந்து சம்பின் மூலையில் வந்து சொட்டும். சம்பு பேக்கிங்தான் போய்விட்டது என்று நினைத்து அதைக் கழற்றுவார்கள். உண்மையில் ஒழுகுவது உச்சியில் இருக்கிற டேப்பெட் கவராக இருக்கும்.

ஒரு லிட்டர் டீசலும் பழைய பெயிண்ட் பிரஷும் போதும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மேலிருந்து கீழே கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவிடுங்கள். பிறகு சந்தேகப்படுகிற இடங்களில் முகத்துக்குப் போடுகிற பவுடரையோ கோலமாவையோ லேசாகத் தூவுங்கள். வண்டியைக் கிளப்பி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியில் ஆயில் பட்ட இடம் கறுத்துப் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைகளில் எது மிக உயரத்தில், எது மிக முன்னால் இருக்கிறதோ அங்கேதான் ஆரம்பம்.

ஒழுகுகிற பொருளையும் விரலில் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பழுப்பு நிறத்தில், கொழகொழவென்று, காரமான வாடையோடு இருந்தால் கியர் பெட்டியோ ஹைட்ராலிக்கோ. ஸ்டியரிங் பெட்டியில் ஒழுகியதை இன்ஜின் ஒழுக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

எந்த இடம், எவ்வளவு வேலை

டேப்பெட் கவர், பக்கவாட்டு மூடிகள், ஃபில்டர் தலை, ஆயில் பிரஷர் குழாய், டிரெயின் பிளக்கின் செம்பு வாஷர்: இவையெல்லாம் ஒரு மணி, அரை நாள் வேலைதான். பேக்கிங் மாற்றினால் போதும். பசையைத் தாராளமாகப் பூசாமல் இருந்தால் இன்னும் நல்லது. உள்பக்கம் பிதுங்கிய பசை பிய்ந்து போய் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால், ஒழுக்கை நிறுத்தப் போய் இன்ஜினையே நிறுத்தியதாகிவிடும்.

முன்பக்கம் கிராங்க் புல்லிக்குப் பின்னால் டைமிங் கவர் சீல் ஒழுகினால் ரேடியேட்டரையும் முன்பகுதியையும் தள்ளி வைக்க வேண்டும். ஒருநாள், ஒன்றரை நாள் வேலை. புல்லி உட்காருகிற இடத்தில் சீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். அந்தப் பள்ளத்தைப் பார்த்து லேத்தில் சரி செய்கிறவர்தான் வேலை தெரிந்தவர்.

எல்லாரையும் பயமுறுத்துவது பின்பக்கம். இன்ஜினும் கியர் பெட்டியும் சேருகிற கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் துளை, அதில் ஒரு ஆணி தொங்கும். அதன் வழியே சொட்டினால் ஒன்று கிராங்க்கின் பின் சீல், இல்லாவிட்டால் கியர் பெட்டியின் முன் ஷாஃப்ட் சீல். இரண்டில் எது என்று ஆயிலின் நிறம் சொல்லிவிடும். எதுவாக இருந்தாலும் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பழைய பெர்கின்ஸ் வகை இன்ஜின்களில் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கயிறு சீல்தான். அந்தக் கயிற்றை ஆயிலில் நன்றாக ஊறவைத்து, பள்ளத்தில் வைத்து, உருண்டைக் கம்பியால் உருட்டி உருட்டி உள்ளே அழுத்தி, இரண்டு முனையும் துளி மேலே நிற்கிற மாதிரி விட்டு வெட்ட வேண்டும். முனையை ஒட்ட வெட்டினால் ஒழுகும். நீளமாக விட்டால் மூடி சரியாக உட்காராது. பொறுமை இல்லாத கைக்கு வராத வேலை இது.

வண்டியைப் பிரிக்குமுன் ஒன்று பார்த்துவிடுங்கள். ஒருவர் ஏறி கிளட்சை மிதிக்கட்டும், இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் உள்ளே த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அந்த நிலையில் சீலை மட்டும் மாற்றினால் ஆடுகிற கிராங்க் புது சீலையும் சீக்கிரமே தின்றுவிடும். புல்லி அசையாமல் நின்றால், பிரித்து, சீல் போட்டு, அதே செலவில் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்து மூடிவிடலாம். இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

மூச்சு முட்டினால் எல்லா இடமும் ஒழுகும்

ஒரே வண்டியில் மேலே, கீழே, முன்னால், பின்னால் எல்லா இடத்திலும் ஒழுகுகிறதென்றால் எல்லாப் பேக்கிங்கும் ஒரே மாதத்தில் கெட்டுப்போயிருக்காது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது.

பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியே போக இன்ஜினில் ஒரு மூச்சுக்குழாய் உண்டு, நாங்கள் பிரீதர் என்போம். அந்தக் குழாய் அடைத்துவிட்டால், விசில் துளை அடைத்த குக்கர் கதைதான். அழுத்தம் எங்கே சந்து கிடைக்கிறதோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும்.

கரடிகுளம் பக்கத்திலிருந்து ஒரு 1035 வந்தது. வேறொரு இடத்தில் "ஃபுல் இன்ஜின் பண்ணணும்" என்று சொல்லி அட்வான்ஸ் கேட்டிருக்கிறார்கள். வண்டிக்காரர் நெல் வியாபாரத்தில் கணக்குப் பார்த்துப் பழகியவர். இன்னொரு பேச்சைக் கேட்டுவிடலாம் என்று கொண்டு வந்தார். டேப்பெட் கவர், டைமிங் கவர், டிப்ஸ்டிக் துளை எல்லா இடத்திலும் ஆயில். கழுவிவிட்டு மூச்சுக்குழாயைக் கழற்றினேன். நுனியில் கெட்டியான மண் அடைப்பு. குளவி வந்து வீடு கட்டிவிட்டுப் போயிருக்கிறது. வண்டி வைகாசி, ஆனி, ஆடி என்று மூன்று மாதம் சும்மா நின்ற நேரத்தில் நடந்த வேலை. அதற்கு மேல் குழாய்க்குள் பழைய ஆயில் அடை. குத்தி எடுத்து, டீசலில் ஊறவைத்து, காற்றடித்துப் பூட்டினோம். இரண்டு பேக்கிங் மாற்றினோம்.

"அம்புட்டுத்தானா தம்பி?"

"இன்னும் இருக்கு அண்ணாச்சி. ஒருநாள் உழுதுட்டு வாங்க. பெறகு சொல்லுதேன்."

உழுதுவிட்டு வந்தார். டிப்ஸ்டிக் துளை காய்ந்திருந்தது. பின் சீல் மட்டும் லேசாகக் கசிந்தது. அதை விதைப்பு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன்.

ஆனால் மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தும் அதன் வழியே புகை குபுகுபுவென்று வந்தால் கதை வேறு. பட்டறை மொழியில் அது பேக் கம்ப்ரஷன். ரிங்கும் லைனரும் தேய்ந்து, எரிகிற வாயு பெருவாரியாகக் கீழே இறங்குகிறது. இதைப் பார்க்க, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, அதே துளையின் மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பயமில்லை. தூக்கித் தூக்கிப் போட்டால், புகையும் விடாமல் வந்தால், தேய்மானம்.

இறக்கச் சொல்லும் அடையாளங்கள்

ஒழுக்கை மறந்துவிட்டு இன்ஜினின் உடம்பைப் பார்ப்போம். பேக் கம்ப்ரஷனைச் சொல்லிவிட்டேன். மீதி நாலு.

ஆயில் பிரஷர் முதலாவது. பழைய வண்டிகளில் டேஷ்போர்டு மீட்டர் பாதிக்குப் பாதி செத்துக் கிடக்கும். பட்டறையில் கையில் பிடிக்கிற மீட்டரை இன்ஜினில் பூட்டிப் பாருங்கள். காலையில் கிளப்பியவுடன் பார்க்கிற அளவுக்கு அர்த்தமில்லை, ஆறிய ஆயில் கெட்டியாக இருக்கும். ஒரு மணி நேரம் உழுதுவிட்டு வந்து, முழு ஆக்சிலரேட்டரில் பார்க்க வேண்டும். இந்த பெர்கின்ஸ் வகை இன்ஜினுக்கு அப்போது 30-லிருந்து 60 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனாலும் உடனே கிராங்க் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆயிலில் டீசல் கலந்திருக்கலாம். ஃபீட் பம்ப் டயாப்ரம் கிழிந்தால் டீசல் சம்புக்குள் இறங்கும், டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும், ஆயில் தண்ணியாகும். ஊற்றாமலே ஆயில் கூடுகிற வண்டியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆயிலை மாற்றி, பிரஷர் வால்வைப் பார்த்து, பிறகும் குறைவாக இருந்தால்தான் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

ஆயில் குடிப்பது இரண்டாவது. கீழே சொட்டுவது வேறு, இன்ஜின் எரித்துக் குடிப்பது வேறு. ஒரு சின்ன நோட்டு வைத்து, எத்தனை லிட்டர் டீசல் ஊற்றினீர்கள், எவ்வளவு ஆயில் நிரப்பினீர்கள் என்று ஒரு பருவம் எழுதுங்கள். எரித்த டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை ஆயில் போனால் பழைய இன்ஜினுக்கு அது சகஜம் என்று விட்டுவிடலாம். நாளைக்கு 40 லிட்டர் டீசல் எரிந்தால் 400 மில்லி. தரையில் சொட்டு அதிகமில்லாமல் இதற்கு மேல் போகிறது, சைலன்சரில் நீலப்புகை வருகிறது என்றால் ரிங்கோ, வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. கறும்புகை அந்தக் கணக்கில் சேராது. அது பெரும்பாலும் ஏர் கிளீனர் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு, இல்லாவிட்டால் இழுக்க முடியாத பாரம்.

கிளம்புவது மூன்றாவது. எங்கள் ஊரில் குளிர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. மார்கழி விடியலில்கூட நல்ல டீசல் இன்ஜின் தடுமாறாது. சித்திரை வெயிலில் பாட்டரியும் நன்றாக இருந்து, டீசலில் ஏர் பிடிக்காமல் இருந்து, அப்படியும் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தால் கம்ப்ரஷன் போய்விட்டது.

நாலாவது, இழுவை. போன வருடம் ஒன்பது கொத்துக் கலப்பையை எந்த கியரில் எந்தப் புஞ்சையில் இழுத்ததோ, அதே இடத்தில் இந்த வருடம் திணறுகிறதா? இதை மெக்கானிக்கை விட ஓட்டுகிறவர்தான் நன்றாகச் சொல்வார்.

பேக் கம்ப்ரஷனோடு சேர்த்து இந்த ஐந்தில் ஒன்று மட்டும் இருந்தால் அந்த ஒன்றைத் தேடிச் சரி செய்யுங்கள். மூன்று சேர்ந்து வந்தால் தரையில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லாவிட்டாலும் இறக்கத்தான் வேண்டும்.

வானரமுட்டிப் பக்கத்து வண்டி ஒன்று அப்படித்தான். அடியில் கையை வைத்துத் தடவினால் புழுதிதான் ஒட்டியது, ஈரம் இல்லை. ஒழுகாத வண்டி என்று ஊரெல்லாம் பெருமை. சூட்டில் பிரஷர் இருபதைத் தாண்டவில்லை, ஆயில் மூடி துள்ளியது, நீலப்புகை. ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனி, ஆடிக் காற்றில் கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுற்றுகிற வேகம் தெரியும் இல்லையா, அந்தக் காற்று கிளப்புகிற கரிசல் புழுதியை இந்த வெடிப்பு வழியாக இன்ஜின் நேராக உறிஞ்சியிருக்கிறது. ஹெட்டைக் கழற்றி லைனரின் உள்பக்கம் நகத்தை மேல்நோக்கி இழுத்தேன். ரிங் வந்து நிற்கிற இடத்தில் நகம் படி தட்டி நின்றது. பேரிங் செல்லில் மேல் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. அந்த வண்டிக்கு ஃபுல் இன்ஜின் வேலைதான், வேறு வழியில்லை.

கரிசலில் இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் புழுதிதான். ஆயில் பாத் ஏர் கிளீனர் கிண்ணத்தைக் காற்றுக் காலத்தில் தினமும் திறந்து பாருங்கள். அடியில் சேறு படிந்திருந்தால் கொட்டிவிட்டுக் கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்றுங்கள். முந்நூறு ரூபாய் ஹோஸை நேரத்துக்கு மாற்றினால் எழுபதாயிரம் செலவு பல வருடம் தள்ளிப்போகும்.

இறக்கினால் எதுவரை?

இன்ஜின் வேலையில் இரண்டு வகை பேசுவார்கள். ஹாஃப் இன்ஜின் என்றால் ஹெட், வால்வு, பிஸ்டன், ரிங், தேவைப்பட்டால் லைனர். கிராங்க்கைத் தொடமாட்டார்கள். ஃபுல் இன்ஜின் என்றால் கிராங்க்கை வெளியே எடுத்து, லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, தேய்ந்திருந்தால் பத்து தௌ, இருபது தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கடைந்து, அதற்கேற்ற பேரிங் போட்டு, ஆயில் பம்ப்பும் பார்த்து மூடுவது.

பிரஷர் நன்றாக இருந்து, புகையும் பேக் கம்ப்ரஷனும் மட்டும் இருந்தால் ஹாஃப் போதும். பிரஷரும் போயிருந்தால் ஹாஃப் பண்ணுவது வீண் செலவு. மேலே புது பிஸ்டன் கொடுக்கிற பலத்தைக் கீழே இருக்கிற பழைய பேரிங் தாங்காது, அடுத்த பருவத்தில் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். பணம் குறைவாக இருக்கிறது, இப்போதைக்கு ஹாஃப் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: ஆயில் மாற்றி, கவனமாக இந்தப் பருவத்தை ஓட்டுங்கள், பணம் சேர்த்து முழுதாகப் பண்ணலாம்.

இன்ஜின் வேலை பார்த்துவிட்டால் ஒழுக்கு தானாக நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். நிற்காது. சம்பு வளைந்திருந்தால் தட்டி நேராக்க வேண்டும். புல்லியின் பள்ளத்தைச் சரி செய்ய வேண்டும். டேப்பெட் கவரின் விளிம்பை முறுக்கி முறுக்கி நெளித்திருப்பார்கள், அதையும் பார்க்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் பிஸ்டனையும் பேரிங்கையும் மட்டும் மாற்றினால், எழுபதாயிரம் செலவழித்த வண்டி மறுபடி அதே இடத்தில் சொட்டும். ஒழுக்கு வேலையைத் தனியாக எழுதி, தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது இறக்குவது என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு நேரம் உண்டு. தை, மாசியில் அறுப்பு முடிந்து வித்த காசு கைக்கு வந்திருக்கும். கழுகாசலமூர்த்தி கோயில் பங்குனி உத்திரம் முடிந்து சித்திரையில் முதல் கோடை மழை விழும்வரை வண்டிக்குப் பெரிய வேலை கிடையாது. லேத் பட்டறையிலும் கூட்டம் குறைவு, கிராங்க்கை அவசரப்படுத்திக் கடையமாட்டார்கள். புது ரிங் உட்காருகிற முதல் ஐம்பது மணி நேரத்தைக் கோடை உழவில் மிதமாக ஓட்டிக் கழித்துவிடலாம். புரட்டாசியில் இறக்கினால் இதெல்லாம் தலைகீழ். ஆகவே விதைப்பு நேரத்தில் ஒழுக்கு தெரிந்தால், பிரஷர் நன்றாக இருக்கும்வரை, காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்த்து ஆயில் நிரப்பி ஓட்டுங்கள். கிளட்ச் வழுக்க ஆரம்பித்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய வண்டியின் விற்கிற விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவு, வண்டி இன்று போகிற விலையில் பாதிக்கு மேல் என்றால் நிதானிக்க வேண்டும். கியர் பெட்டி, ஹைட்ராலிக், டயர் எல்லாம் நன்றாக இருந்தால் செய்யலாம். அவையும் வரிசையில் நின்றால், உள்ளதை உள்ளபடி சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தோடு சேர்த்து வேறு வண்டி பார்ப்பதோ, வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை வைத்து ஒரு பருவத்தை ஓட்டுவதோ லாபம்.

எந்தப் பட்டறைக்குப் போனாலும் அட்வான்ஸ் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆயில் எந்த இடத்திலிருந்து வருகிறது, காட்டு. சூட்டில் பிரஷர் எவ்வளவு, மீட்டரைப் பூட்டிக் காட்டு. டீசலுக்கு எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று என் நோட்டில் இருக்கிறது, பார்த்துச் சொல். வேலை முடிந்ததும் கழற்றிய பிஸ்டன், பேரிங் எல்லாவற்றையும் சாக்கில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் சாமான். இந்த மூன்றையும் பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். அது நானாக இருந்தாலும் சரி.